ஆள் ஒன்று

வீரையா நாவல்முறிப்புக்கு வந்து சேர்ந்தது எழுபத்தேழாம் ஆண்டு ஆவணியில், பத்தொன்பது வயதில். நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கலவரத்தில் லயவீடுகள் எரிந்த மறுநாள் லொறி ஏறிய குடும்பம் அது. தகப்பன், தாய், இரண்டு தங்கச்சிமார், ஒரு சாக்கு, ஒரு சேவல். அந்த அவசரத்தில் சேவலை எதற்குத் தூக்கி வந்தார்கள் என்று கடைசிவரை ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. மூத்த தங்கச்சி தருமபுரத்தில் கலியாணம் முடித்து அங்கேயே காய்ச்சலில் போனாள். இளையவள் வள்ளத்தில் இந்தியாவுக்குப் போய் மண்டபம் முகாமில் இருந்து நாலு கடிதம் போட்டாள். பிறகு கடிதமும் நின்றுவிட்டது.

லொறிக்காரன் கண்டாவளைப் பக்கம் இறக்கிவிட்ட அவர்களைக் கூட்டிப்போய் வயல் கொட்டிலில் இருத்தியவர் கதிர்காமநாதன். அவருடைய தகப்பன் வடமராட்சியில் இருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்தவர். நாவல்முறிப்புக் குளத்தின் கீழ் மூன்று ஏக்கர் வயல், அதற்கு அரசாங்கம் கொடுத்த நாற்பத்தோராம் இலக்கக் காணிப் பெர்மிற். தகப்பனுக்குப் பிறகு காணியும் இலக்கமும் கதிர்காமநாதனுக்கு வந்தன, ஊர்க் கமக்காரர் சங்கத்தின் தலைமையும் வந்தது. அவருக்கு வீரையாவை விட ஐந்தாறு வயதுதான் கூட. ஆனாலும் முதல் நாளில் இருந்தே அவர் ஐயா, இவன் வீரையா.

அந்த வருடம் வந்த குடும்பங்கள் இருபத்துமூன்று. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வயல்காரரோடு ஒட்டிக்கொண்டது. கடைசி வாய்க்காலுக்கு அப்பால் வெறும் பற்றைக்காடு. "அதை வெட்டிப் பாருங்கோ. தண்ணி வந்து சேர்ந்தால் உங்கட பாடு" என்றார் கதிர்காமநாதன். எண்பத்துமூன்றில் வடிவம்மாவைக் கலியாணம் செய்த கையோடு வீரையா கத்தியை எடுத்தார். புருசனும் பெண்சாதியுமாக ஒரு ஏக்கர் வெளியாக்கினார்கள். நடுவில் நின்ற பாலைக்கட்டை ஒன்றைக் கிளப்ப மட்டும் பதினொரு நாள் எடுத்தது. வடிவம்மா அந்தக் கட்டையை வீட்டுக்கு உருட்டி வந்து குசினியில் இருக்கையாகப் போட்டாள். முதல் இரண்டு பிள்ளைகளும் மலேரியாவில் போய், தொண்ணூற்றைந்தில் கஜேந்தினி பிறந்தபோது, பிள்ளையை அந்தக் கட்டையில் இருந்துதான் குளிப்பாட்டினாள்.

குளத்துக்கு ஒரு முறை இருந்தது. புரட்டாதியில், மழைக்கு முன்னர், குளத்துத் தண்ணீர் பாயும் வயல்காரர் எல்லோரும் சேர்ந்து வாய்க்கால் துப்பரவாக்க வேண்டும். ஏக்கருக்கு ஒரு நாள் வேலை. வந்தவர் பெயரைச் சங்கத்து இடாப்பில் பதிவார்கள். பதியாதவருக்குத் தண்ணீர் இல்லை.

ஐயாவின் மூன்று ஏக்கருக்கும் மூன்று நாள் போனவர் வீரையா. இடாப்பு எழுதியவரும் ஐயாதான்.

"எப்பிடிப் போட, வீரையா?"

"ஐயா பேர்லயே போடுங்க."

நாலாம் நாளும் வீரையா மண்வெட்டியோடு போய் நின்றார். வரச்சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் தன் ஏக்கருக்கும் அதே குளத்துத் தண்ணீர்தான் கசிந்து வருகிறது, அப்படியானால் அதன் சேற்றையும் தான் அள்ளத்தான் வேண்டும் என்பது அவருடைய கணக்கு.

"இது நம்ம துண்டுக்குங்க ஐயா."

"ஓம் ஓம், தெரியும்" என்று கதிர்காமநாதன் எழுதினார். பேனை ஓடியதை வீரையா கண்ணால் பார்த்தார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு நின்றவருக்குத் தன் பெயர் மட்டும் எழுதவும் வாசிக்கவும் தெரியும். ஆனாலும் எட்டிப் பார்க்கவில்லை. ஐயா எழுதுவதை எட்டிப் பார்ப்பது மரியாதையா? இப்படி இருபத்தைந்து புரட்டாதி போயிற்று.

பிறகு சண்டை வந்து ஊரையே கிளப்பியது. இரண்டு குடும்பமும் ஒன்றாகவே ஓடின. கதிர்காமநாதன் சங்கத்து இடாப்புகளைப் பொலித்தீனில் சுற்றி, சணல் கயிற்றால் கட்டி, வீரையாவின் சைக்கிள் கரியரில் வைத்தார். "இது போனால் ஆரார் குளத்துக்கு என்ன செய்தது எண்டதுக்குச் சாட்சி இல்லை" என்றார். மாத்தளன் மணலில், ஒரு காலைப்பொழுதில், பங்கருக்கு வெளியே பல் விளக்கிக்கொண்டு நின்ற கதிர்காமநாதன் ஷெல் துண்டு பட்டு அப்படியே சரிந்தார். மகன் ரஜிதன் அதற்கு முந்தியே கனடா போயிருந்தான். பெண்சாதி கமலாசனி தலையில் அடித்துக்கொண்டு நிற்க, வீரையாதான் ஐயாவின் தலையை மடியில் வைத்திருந்தார்.

"வீரையா, இவளை…"

"நான் பாத்துக்கிறேங்க ஐயா."

மணலைக் கையால் தோண்டிப் புதைத்தார். சைக்கிளை விட்டார், பானையை விட்டார், வடிவம்மாவின் சேலைகளை விட்டார். பொலித்தீன் பொதியை விடவில்லை. வவுனியா முகாமில் அதுதான் அவருக்குத் தலையணை. பதின்னாலு வயதுக் கஜேந்தினி ஒருநாள், "அவிழ்த்துப் பாப்பமேயப்பா" என்று கேட்டாள்.

"ஐயா கட்டின முடிச்சு. சங்கத்தாளுங்கதான் அவுக்கணும்."

ஊர் திரும்பியதும் பொதியைச் சங்கத்தில் கொடுத்தார். அவர்கள் புதுக்கொப்பி தொடங்கியிருந்தார்கள். பழையது அலுமாரியில் கட்டோடு கிடந்தது. கமலாசனி பரந்தனில் தங்கச்சி வளவில் வீடு கட்டிக்கொண்டு போனா. ஐயாவின் மூன்று ஏக்கரையும் வீரையா முன்போலவே செய்தார். பங்கு நெல்லை ஒவ்வொரு போகமும் தானே கொண்டுபோய் இறக்கினார். வடிவம்மா சிறுநீரக வருத்தத்தில் நாலு வருடம் வவுனியாவுக்கும் வீட்டுக்குமாக அலைந்து முடிந்தாள். முடிகிறபோது அவள் கேட்டது ஒன்றுதான்.

"அந்தத் துண்டுக்கு ஒரு கடதாசி எடுத்துப் பிள்ளேட்டக் குடுத்துடுங்க."

"எடுத்துடுவேன்" என்றார் வீரையா.

கஜேந்தினி தாயைப் போலச் சொல்லை விழுங்குகிற பிள்ளை இல்லை. கலியாணம் முடித்து ஒரு குழந்தையும் ஆன பிறகு மாதர் சங்கத்தின் தலைவியானாள். கடைசி வாய்க்கால் பெண்கள் எல்லாம் அவள் பின்னால். மழையில்லாத சிறுபோகம் வந்தால் ஊரில் ஒரே சண்டை. மேல்வாய்க்கால்காரர் தேவைக்கு மிஞ்சித் திறப்பார்கள். பெர்மிற் இல்லாத கடைசி வாய்க்கால்காரர் களவாக வெட்டித் திருப்புவார்கள். ஆடி பிறக்க முந்தியே குளம் வெடித்துக் கிடக்கும். "எல்லாரும் இடாப்பில வந்தால்தான் முறை வைச்சுப் பாய்ச்சலாம். முறை இல்லாட்டிக் குளமும் இல்லை" என்று கஜேந்தினி போகிற கூட்டமெல்லாம் சொன்னாள்.

அந்த நேரத்தில்தான் அரச அதிகாரிகள் வந்து காணி வழங்கும் காணிக் கச்சேரி வரப்போகிறதென்று அறிவித்தார்கள். சண்டைக்கு முந்தியே குளத்துப் பொதுவேலை செய்தவர் என்று எழுத்தில் காட்டுகிறவருக்குத் துண்டுக்காணி பெர்மிற் கிடைக்கும் என்றது அறிவித்தல்.

"அப்பா, பழைய இடாப்பு இருக்குத்தானே?"

"இருக்கு. நான்தானே சொமந்து வந்தேன்" என்றார் வீரையா. அன்றைக்குச் சவரம் செய்து வெள்ளைச் சேட் போட்டுக்கொண்டு போனார்.

சங்கக் கட்டடத்தில் சனம் நிறைந்திருந்தது. சங்கச் செயலாளர் திலீபன், மேல்வாய்க்கால் பொடியன், முப்பது வயதிருக்கும். கயிற்றை வெட்டி, மணல் உதிர உதிர இடாப்பை விரித்தான்.

"தொண்ணூற்றொன்று புரட்டாதி. இலக்கம் நாற்பத்தொன்று. கதிர்காமநாதன். ஆள் ஒன்று."

"அது ஐயாவுக்குப் போனது. நாலாம் நாள் பாருங்க தம்பி."

திலீபன் தாளைப் புரட்டினான். "இலக்கம் நாற்பத்தொன்று. கதிர்காமநாதன். ஆள் ஒன்று."

"வேற வருசம் பாருங்க."

வேறு வருடம் பார்த்தான். இன்னொரு வருடம் பார்த்தான். எல்லா நாலாம் நாளும் ஒன்றுபோலவே இருந்தது. இடாப்பின் முதல் கட்டத்தில் பெர்மிற் இலக்கம் எழுத வேண்டும். இலக்கம் இல்லாத மனிதரை எழுத அதில் இடம் இல்லை. மற்ற இருபத்திரண்டு வீட்டுக்காரருக்கும் அதே கதைதான், அவரவர் வயல்காரரின் பெயரில் ஆள் ஒன்று, ஆள் இரண்டு. வீரையா கொப்பியைத் தன் பக்கம் திருப்பி, தனக்குத் தெரிந்த அந்த மூன்றெழுத்தை விரலால் தேடினார். ஒருவரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் சொன்னார்: "ஐயா என்னைத் தன்னோட நம்பர்ல சேத்து வச்சிருக்காரு."

"சேர்த்து வைக்கேல்லையப்பா. விழுங்கிப்போட்டார்."

"வேற எங்க எழுதுவாரு, சொல்லு."

அந்தப் புரட்டாதியில் கடைசி வாய்க்காலார் ஒருவரும் மண்வெட்டி எடுக்கவில்லை. கஜேந்தினியும் ஜெயரூபியும் வீடுவீடாகப் போய்ச் சொன்னார்கள். ஜெயரூபி வீரையாவின் துண்டுக்கு அடுத்த, கடைசித் துண்டுக்காரி, வாய்க்குப் பயப்படாதவள். வீரையாவும் போகவில்லை. வாழ்க்கையில் முதல்தடவையாக ஐயாவின் வயலுக்கு வாய்க்கால் வேலைக்குப் போகாமல் முற்றத்தில் இருந்தார், மண்வெட்டிப் பிடியைத் தேய்த்துக்கொண்டு. மேல்வாய்க்காலில் பிள்ளைகள் வெளிநாட்டில், இருப்பவர் கிழடுகள். பெக்கோ இயந்திரத்தை இறக்கினால் வாய்க்கால் கரை உடையும். மூன்றாம் கிழமை, புல்லும் சல்வினியாப் பாசியும் அடைத்த வாய்க்காலைப் பார்த்துவிட்டு அவர்களே மதகடிக்கு வந்தார்கள்.

"தோட்டக்காட்டாருக்கு இப்ப சங்கமும் வந்திட்டுது, வேலைநிறுத்தமும் வந்திட்டுது" என்றார் ஒரு கிழவர்.

"ஓம் ஐயா. நெல்லுச்சோறும் வந்திட்டுது. ஆர் விதைச்சதெண்டுதான் கொப்பியில வரேல்லை" என்றாள் ஜெயரூபி.

கஜேந்தினி கேட்டது ஒரு கடிதம் மட்டும்தான். இந்த இந்த வருடம் என் பெயரில் பதிந்த நாட்களில் இத்தனை நாள் இன்னாருடையது, அவருடைய துண்டுக்காக அவர் செய்தது என்று வயல்காரர் ஒப்பம் வைக்க வேண்டும். வயல்காரர் இல்லாவிட்டால் பெண்சாதி, பிள்ளை வைக்கலாம். மாசி முடிய முந்திக் கச்சேரியில் கொடுக்க வேண்டும். மதகுக் கட்டில் வைத்தே ஒப்பங்கள் விழுந்தன.

"வைச்சிட்டன். நாளைக்கே வாய்க்காலுக்கு வரவேணும்" என்றார் அதே கிழவர்.

"வாறம். நீங்களும் வாங்கோ, மண்வெட்டியை எந்தப் பக்கம் பிடிக்கிறதெண்டு காட்டுறம்" என்றாள் ஜெயரூபி.

கிழவரே சிரித்துவிட்டார். கார்த்திகைக்குள் இருபத்திரண்டு கடிதம் சேர்ந்தது. வீரையாவினுடையது ஒன்றுதான் பாக்கி.

"கமலாசனி அம்மாட்டை நானும் வாறன்" என்றாள் கஜேந்தினி.

"வேணாம். நான் போனாப் போதும்."

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் பரந்தனுக்குப் போனார். படலையைத் திறந்ததும் கமலாசனி, "வா வீரையா, கதிரையில இரு" என்றா. ஐயா இருந்த காலத்தில் வீரையா வாசற்படியில்தான் இருப்பார். சிரட்டையிலும் பிறகு தகரக் கோப்பையிலும் தேத்தண்ணீர் குடித்தவர். இன்றைக்குக் கண்ணாடிக் கோப்பை. கதிரையின் நுனியில் இருந்து கடிதத்தை நீட்டினார்.

அவா கண்ணாடி போட்டு இரண்டு தரம் வாசித்தா.

"இதிலை பொய் ஒண்டும் இல்லை, வீரையா. எனக்குத் தெரியாதே? நாலாம் நாள் உனக்குச் சோறு கட்டித் தந்ததே நான்தானே."

"ஆமாங்கம்மா."

"ஆனா ரஜிதன் இருக்கிறான். காணி அலுவல் எதிலையும் தன்னைக் கேளாமல் ஒப்பம் வைக்கவேண்டாமெண்டு சொல்லிப்போட்டான். உன்ர ஏக்கரும் அப்பாட இலக்கத்திலதானே கிடக்கு, வந்து எல்லாத்தையும் ஒண்டாப் பாக்கிறன் எண்டுறான். நான் அவனை நம்பித்தானே சீவிக்கிறன்." கடிதத்தை மடித்து அவருடைய கைக்குள்ளேயே வைத்தா. "என்னை வில்லங்கத்தில மாட்டிப்போடாதை."

வீரையா கோப்பையின் அடியில் கிடந்த தேயிலைத் தூளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வெளங்குதுங்கம்மா" என்றார்.

போகும்போது அவா உள்ளே போய் உடுக்க ஒரு புதுச் சறம் கொண்டுவந்து தந்தா. தீபாவளிக்குத் தீபாவளி தருகிற அதே கோடன் சறம். வீரையா இரண்டு கையாலும் வாங்கினார்.

கஜேந்தினி பஸ் தரிப்பில் காத்துக்கொண்டு நின்றாள்.

"என்னப்பா, வைச்சவாவே?"

"அவங்க வீட்ல இல்ல. கொழும்புக்குப் போயிட்டாங்களாம். வர நாளாகுமாம்."

"உதென்ன பை?"

"சறம். பரந்தன் கடையில எடுத்தேன்."

அவள் நம்பினாள். தகப்பன் பொய் சொல்லி அவள் கண்டதில்லை. தையில் இன்னொரு தரம் கேட்டாள். இன்னும் வரவில்லையாம் என்றார். மாசியில் கச்சேரி நடந்தது. இருபத்திரண்டு பெயரை ஏற்றார்கள். வீரையாவின் முறை வந்ததும் அதிகாரி கோவையைப் புரட்டி, "வயல்காரர் பக்கத்துக் கடிதம் இல்லையே. அடுத்த கச்சேரிக்குப் பாப்பம்" என்று ஒதுக்கி வைத்தார். அடுத்தது எப்போதென்று அவருக்கும் தெரியாது. முந்தியது நடந்து பன்னிரண்டு வருடம்.

வெளியே பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து அழுதுகொண்டு நின்றார்கள். ஜெயரூபி பெர்மிற் இலக்கம் எழுதிய துண்டை நெஞ்சில் செருகியிருந்தாள். வீரையாவைக் கண்டதும் எல்லோரும் அடங்கிவிட்டார்கள். "ஏன் நிப்பாட்டுறீங்க? நல்ல நாளுல்ல" என்றார் அவர்.

மறுநாளே கஜேந்தினி பரந்தனுக்குப் போனாள். கொழும்பில் இருந்து எப்போது வந்தீர்கள் என்று கேட்டாள்.

"கொழும்போ? நான் இந்த வளவை விட்டு எங்கை பிள்ளை போனனான்?" என்றா கமலாசனி. "கொப்பர் கார்த்திகையில வந்தவர். நான் நிலைமையைச் சொன்னனான், அவருக்கு விளங்கினது. வெறுங்கையோட அனுப்பேல்லை. சறம் ஒண்டு குடுத்துத்தான் விட்டனான்."

கஜேந்தினி தண்ணீர்கூடக் குடியாமல் வந்தாள். வீரையா குசினியில் பாலைக்கட்டையில் இருந்து சோற்றுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அவள் நேரே போய்த் தகரப்பெட்டியைத் திறந்து, ஒட்டுத்தாள் உரிக்காத சறத்தை எடுத்து அவர் முன்னால் போட்டாள்.

"ஏன் சொல்லேல்லை?"

துருவலகு நின்றது.

"சொல்லியிருந்தா நீங்க எல்லாரும் போய் அவங்க படலேல குந்தியிருப்பீங்க. மதகடில செஞ்ச மாதிரி."

"ஓம், இருந்திருப்பம். ஒரு நாளில வைச்சிருப்பா."

"வச்சிருப்பாங்க. அப்புறம் மகன் கையை விட்டுட்டா? தனி மனுசி, கஜி. ஐயா சாகிறப்ப நான் சொல்லிட்டேன், பாத்துக்கிறேன்னு."

"ஐயாவுக்குச் சொன்னியள்." அவளுடைய குரல் உயரவில்லை. "அம்மாவுக்கும் சொன்னியள்தானே. நான் பக்கத்தில நிண்டனான்."

வீரையா தேங்காய்ப் பாதியைக் கையில் வைத்தபடியே இருந்தார். அந்தக் கட்டையை உருட்டி வந்தவளின் முகம் வந்ததோ என்னவோ, மெதுவாக அதில் இருந்து எழும்பி நிலத்தில் குந்தினார். கஜேந்தினி அழாமல் மீதித் தேங்காயைத் துருவி முடித்தாள். அன்றைக்கு இருவரும் சாப்பிடவில்லை.

சித்திரையில் சிறுபோகக் கூட்டம். குளத்தில் அரைவாசித் தண்ணீர்தான். இடாப்பில் உள்ள எல்லோருக்கும் முறை வைத்து, ஏக்கருக்குக் காலேக்கர் மட்டும் விதைப்பதென்று முடிவாயிற்று. மேல்வாய்க்காலாருக்கும் அதே காலேக்கர்தான். அப்படியொரு முறை அந்தக் குளத்தில் முன்னர் நடந்ததில்லை. "இடாப்பில் இல்லாத வயலுக்கு ஒரு சொட்டும் இல்லை. களவு வெட்டினால் ஆராயிருந்தாலும் நிப்பாட்ட வேணும்" என்ற விதியைக் கடைசி வாய்க்காலாரே கேட்டு வாங்கியிருந்தார்கள். எல்லோரும் இடாப்பில் வருவார்கள் என்றிருந்த போன வருடக் கூட்டத்தில் அதை எழும்பி நின்று சொன்னவர் வீரையா.

முதல் முறைத் தண்ணீர் கடைசி வாய்க்காலுக்கு வந்த காலை, ஜெயரூபி அவருடைய வரம்பில் ஏறி நின்றாள்.

"மாமா, என்ர முறையில பாதியை உங்கட வயலுக்கு விடுறன். இருபத்திரண்டு பேரும் கதைச்சாச்சு. ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்."

"நீங்க சொல்ல மாட்டீங்க. மேல்வாய்க்கால்ல சொல்லுவாங்க. எனக்கு விட்டீங்கன்னா, அவங்க தங்கச்சிக்கு, மச்சானுக்குன்னு கேப்பாங்க. அப்புறம் பழையபடிதான்."

"பயிர் இல்லாமல் என்ன செய்வியள்?"

"ஐயாவோட வயல் இருக்கில்ல. அதுக்கு நம்பர் இருக்கு."

தண்ணீர் சருகுகளைத் தள்ளிக்கொண்டு வந்தது. வீரையா வாய்க்காலில் இறங்கி, தன் வயலுக்குள் திறந்து கிடந்த மடையில் மண்வெட்டியால் ஈரமண்ணை வெட்டிப் போட்டார். முப்பத்தைந்து வருடம் பாம்புப் பொந்தும் நண்டு வளையும் பார்த்து அடைத்த மடை அது. காலால் மிதித்து இறுக்கினார். கசிவு இருக்கிறதா என்று குனிந்து பார்த்து, கசிந்த இடத்தில் இன்னொரு பிடி வைத்தார். கஜேந்தினி வரம்பில் நின்றவள் இறங்கி வந்து, பக்கத்தில் நின்று, தானும் மிதித்தாள். தகப்பனின் முகத்தை அவள் பார்க்கவில்லை. தண்ணீர் அவர்களைத் தாண்டி ஜெயரூபியின் துண்டுக்குப் போயிற்று.

அந்த ஆவணியில் நாவல்முறிப்புக் குளத்தில் மாடு குடிக்கத் தண்ணீர் மிஞ்சியது. கிணறுகளில் ஊற்று வற்றாமல் நின்றது. வெளியூர் ஆட்கள் வந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். கஜேந்தினியைக் கிளிநொச்சிக்கு அழைத்துப் பேசவும் வைத்தார்கள். எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டபோது, இடாப்பில் பெயர் எழுதினோம் என்றாள். வீரையாவின் ஏக்கர் மட்டும் பச்சை வாய்க்கால் ஓரத்தில் வெடித்துக் கிடந்தது. கமலாசனிக்கு அந்தப் போகமும் பங்கு நெல் போயிற்று, அவரே கொண்டுபோய் இறக்கினார்.

புரட்டாதி வந்தது. மதகடியில் இருபத்திரண்டு புது இலக்கங்களோடு புது இடாப்பு. திலீபன் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டான். "ஜெயரூபி" என்றபோது அவள், "ஓம், வந்திருக்கிறன், பெரிசா எழுதுங்கோ தம்பி" என்றாள். சனம் சிரித்தது. மூன்று நாளும் அப்படியே போனது. நாலாம் நாளும் வீரையா வந்தார், கோடன் சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு.

திலீபன் பேனையைப் பிடித்தபடி அவரைப் பார்த்தான்.

"வீரையா அண்ணை, இண்டைக்கு உங்களுக்கு வேலை இல்லையே. நாற்பத்தொன்றுக்கு மூண்டு நாளும் முடிஞ்சுது."

"இது நம்ம துண்டுக்கு."

திலீபன் இடாப்பின் முதல் கட்டத்தைப் பார்த்தான். கஜேந்தினி புல்லு வெட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"அதுக்கு இலக்கம் இல்லையே அண்ணை. நான் எங்கை எழுத?" என்றான் திலீபன்.

வீரையா கொஞ்ச நேரம் அந்த வெள்ளைத் தாளைப் பார்த்தார். இந்த முறை எட்டித்தான் பார்த்தார். பிறகு சறத்தை இன்னொரு மடிப்பு உயர்த்தி வாய்க்காலில் இறங்கினார்.

"எழுத வேணாம் தம்பி" என்றார். "வந்தேன்னு நீங்க பாத்தீங்கல்ல."